பயாலஜி சாரின் டெமோ வகுப்பு

எங்கள் பள்ளி ஆய்வகத்தின் பின்மூலையில் ஒரு கல் தொட்டி இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் செய்முறை நாள் வந்தால் நான் அந்தத் தொட்டியின் முன்தான் நிற்பேன். மற்றவர்கள் வெங்காயத்தின் உள்தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பின் முன் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் பார்த்து முடித்த தகடுகள் என்னிடம் வரும். கழுவித் துடைத்து அடுக்குவேன். சாயம் நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோப்புக்கும் போகாது. செல் எப்படி இருக்கும் என்று கழுவிய எனக்குத் தெரியாது.

அது பயாலஜி சாரின் ஏற்பாடு. அவரும் தமிழர்தான். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து அக்ரஹாரத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பம். நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அப்பா சென்ட்ரிங், அம்மா சித்தாள். எந்தக் கட்டடம் எழும்புகிறதோ அதன் பக்கத்துத் தகரக் கொட்டகைதான் எங்கள் முகவரி. முதல் செய்முறை வகுப்பில் நான் கையை நீட்டியபோது, அதுவரை கன்னடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: "நீ தொடாதே. மண்வெட்டி பிடிக்கிற வீட்டுக் கை, லென்ஸ் தாங்காது. போய் அதையெல்லாம் கழுவு." எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷையை அவர் இதற்கு மட்டும்தான் பயன்படுத்தினார்.

ஒருநாள் அம்மா வேலையிலிருந்து அப்படியே, காலில் சிமெண்டோடு, அவரைப் பார்க்க வந்தாள். "புள்ளையும் அந்தக் கண்ணாடியிலே பாக்கோணும்னு ஆசைப்படுதுங்க சார்" என்றாள். அவர் சிரித்தார். "கழுவறதுக்கும் ஒரு ஆள் வேணும் இல்லம்மா?" அம்மா அதற்குத் தலையாட்டினாள். "ஆமாங்க சார்" என்றும் சொன்னாள். அவர் என்னைச் சொன்னதைக் காலப்போக்கில் நான் மறந்திருக்கக்கூடும். அம்மா தலையாட்டியதை மறக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது அதே வெங்காயத்தோல். செல் சுவர், உட்கரு, நுண்குமிழ் எல்லாம் மனப்பாடம். ஆனால் மைக்ராஸ்கோப்பின் பெரிய திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியாது. தவறாகத் திருப்பினேன். லென்ஸ் இறங்கித் தகட்டில் முட்டியது. கண்ணாடி விரியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரிடம், "நான் அப்பவே சொன்னேன்" என்று பயாலஜி சார் கன்னடத்தில் சொன்னார். அந்த வகுப்பு முழுக்கச் சிரித்தது.

பத்து முடித்து பி.யூ.சி.க்கு நான் சேர்ந்த கல்லூரியில் ஆய்வகத்தைப் பூட்டுவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் சுரண்டி என் செல்களையே பார்த்தேன். அறிவியல் மேல் கொண்ட காதல் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது கோபம். எந்தத் திருகு எவ்வளவு திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்வரை அந்தக் கோபம் என்னை விடவில்லை.

இப்போது நான் ஒரு தனியார் பி.யூ. கல்லூரியில் உயிரியல் துறைத் தலைவி. பத்தாம் வகுப்பு முடித்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் செல், திசு, சவ்வூடுபரவல், ஒளிச்சேர்க்கை என்று பள்ளிப் பாடத்தை ஆய்வகத்தோடு சேர்த்து ஒருமுறை திருப்பி நடத்துகிறோம். போன வருஷம் அதற்குத் தற்காலிக ஆசிரியர் தேவைப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் பயாலஜி சாரின் பெயரும் இருந்தது.

டெமோ வகுப்புக்கு வெங்காயத்தோல் என்று நான்தான் முடிவு செய்தேன். அன்று காலை தேவராஜா மார்க்கெட்டுக்கு நானே போய், கடைக்காரர் ஒதுக்கிப் போட்டிருந்த, வாடிய சின்ன வெங்காயமாகப் பொறுக்கினேன். அதில் தோல் முழுதாக உரியாது. மின்விளக்கு உள்ள மைக்ராஸ்கோப்புகளை அலமாரியில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டிய பழையதை மேஜையில் வைத்தேன்.

நரைத்த தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாணவர்களுக்கு முன்னால் உரிக்க ஆரம்பித்தார். தோல் கிழிந்தது. மறுபடி உரித்தார், சுருண்டது. ஒருவழியாகத் தகட்டில் வைத்து மூடி, குனிந்து, வெகுநேரம் கண்ணாடியைத் திருப்பினார். "இதோ, வட்டவட்டமாத் தெரியறது பாருங்க, செல்லு" என்றார். முன்வரிசைப் பெண் பார்த்துவிட்டு, "சார், அது செல் இல்ல, காத்துக் குமிழி" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவர்களை நான் அடக்கவில்லை. அவர் மறுபடி குனிந்தார். உதவ நான் எழவில்லை.

பிரின்சிபால் என்னைத் தனியே கூப்பிட்டு, "வயசானவரு, அனுபவம் இருக்கு மேடம். எடுத்துக்கலாமே?" என்றார். "ஆய்வக வேலை வராதவரை எடுக்க முடியாது சார்" என்றேன்.

வராந்தாவில் காத்திருந்தவரிடம் முடிவை நானே சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். கௌதள்ளி என்றதும் என் முகத்தையே பார்த்தார். "அந்த சென்ட்ரிங்காரர் பொண்ணா? நான் அன்னிக்குக் கண்டிப்பா இருந்ததாலதாம்மா நீ இன்னிக்கு இந்த நாற்காலியிலே இருக்கே."

"தப்பு சார். உங்களால எனக்குப் போனதுதான் அதிகம்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எதைச் சொல்கிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. "கண்ணுலே புரை. ஆபரேஷன் பண்ணிண்டா சரியாயிடும். வீட்லே சும்மா உக்காந்திருக்க முடியலேம்மா. அடுத்த வருஷம் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார்" என்றேன்.

கைப்பிடியைத் தடவிக்கொண்டு படியிறங்கினார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் கிளம்பியபோது பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். வருகிற பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாமல் பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அக்ரஹாரம் வழியாகத்தான் போக வேண்டும். நிறுத்தவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாடிய வெங்காயம் பொறுக்கியதையும் சேர்த்து. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "குடிக்கத் தண்ணியாச்சும் குடுத்தியா கண்ணு?" என்றாள்.

"இல்ல."

அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர்மேல் இரக்கம் வருகிறதா என்று அதன்பிறகு பலமுறை எனக்குள் தேடிப் பார்த்துவிட்டேன். வரவில்லை. அன்றைக்கு நல்ல பசி. அம்மா பரிமாறினாள், நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.