அத்தை பார்த்த கோலாட்டம்

எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. தோட்டம் இப்போது இல்லை, குழு மட்டும் இருக்கிறது. விடிந்ததும் விடியாததுமாக யாராவது ஒருவர் அந்தக் காலத்து நடிகர் ஒருவரின் படத்துக்கு மாலை போட்டு அனுப்புவார். அடுத்தவர் அவருடைய பாட்டை அனுப்புவார். அது ஒரு பொற்காலம் என்று இன்னொருவர் எழுத, கும்பிடும் கைகள் வரிசையாக வந்து நிற்கும். போன மாதம் யாரோ எங்கிருந்தோ தேடிப் பிடித்து, நாங்கள் சின்ன வயதில் பார்த்த குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு துண்டைப் போட்டுவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு துணிப்பூனை தலையாட்டிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு உருகினார்கள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

எங்கள் தோட்டம் மலேசியாவில் பெடாஸ் பக்கம் இருந்தது. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் அத்தை வீட்டோடு ஒட்டிக்கொண்டோம். அத்தை அப்பாவுக்கு அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். தோட்டத்தில் அவளுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லுக்கு மருந்து தெளித்துக்கொண்டே போக வேண்டும். அம்மாவுக்கு இழுப்பு இருந்ததால் அந்த வாடை ஆகாது. அவள் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ் பிடித்துப் போய்வந்தாள். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு அத்தையின் பேரில் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வீடு, வேலை போனால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தைக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லவில்லை.

மருந்து தெறித்துத் தெறித்துப் போனதா, சர்க்கரையால் போனதா, எனக்கு இன்றுவரை தெரியாது. ரெம்பாவ் கிளினிக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு கொடுப்பார்கள், சீட்டு தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணியின் மேசைக்கு வரும், பிறகு தோட்டத்துக்கே தெரிந்துவிடும் என்று அத்தை போகவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அம்மாவும், அத்தையோடு மருந்தடிக்கிற பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும்தான். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அந்தச் சின்னம்மாதான் அத்தையின் தோளில் கைபோட்டு, ரொம்பச் சிநேகிதம் போல அழைத்துப் போவாள். காட்டில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முன்னால் நடப்பாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அத்தை பின்னால் மருந்தடித்துப் போவாள். அந்தச் சின்னம்மாவை எல்லாரும் ஓட்டைவாய் என்று கேலி செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன்.

வீட்டில் எனக்குச் சில கட்டளைகள் இருந்தன. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். நாற்காலியை நகர்த்தக் கூடாது. வாசலில் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போடக் கூடாது. அம்மா எதையெதையோ பொறுத்துக்கொள்வாள், இதை மட்டும் பொறுக்க மாட்டாள். எங்கள் அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று நான் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

தோட்டத்து மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. கதவு வைத்த மரப்பெட்டிக்குள் அதைப் பூட்டி, சாவியை, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் தன் அரைஞாணில் கட்டியிருப்பார். வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள். அன்றைக்குக் கோயில் திருவிழா தோற்றுப்போகும் அளவுக்குக் கூட்டம் வரும். அத்தை சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாக, பெட்டிக்கு மிக அருகில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். இந்த வயதில் இதற்கு என்ன ஆசை பார் என்று பெண்கள் முணுமுணுப்பார்கள்.

அவளுக்கென்று ஒரு நடிகர் இருந்தார். அழுதால் உலகமே அழ வேண்டும் என்கிற கட்சிக்காரர். குமரிப் பெண்ணாக இருந்தபோது திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களையும், ரெம்பாவுக்கு லோரி ஏறிப் போய்ப் பார்த்த படங்களையும் அத்தை ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்பே வசனத்தை அவள் சொல்லிவிடுவாள். எந்த இடத்தில் மாடிப்படி இறங்குவார், எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், எல்லாம் அவள் வாயில் வரும். படத்தைவிட அவளைக் கேட்பது நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நிறையப் பேர் வருவார்கள்.

மண்டோர் எதிர்க்கட்சி. அவருடைய நடிகர் அழமாட்டார், அடிப்பார்.

"அக்கா, ஒங்க ஆளு இன்னிக்கும் அழுவப்போறாரு. துவாலா கொண்டாந்தீங்களா?" என்பார்.

"ஒன் ஆளு அழுதா சண்டை போடற மாதிரி இருக்கும். நீ சும்மா இருலா மண்டோரு" என்பாள் அத்தை. மண்டபமே சிரிக்கும். பெரட்டில் எல்லாரையும் நடுங்க வைக்கிற மனுஷன், அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதில் சந்தோஷப்படுவார். எப்போதாவது புதுப் படம் போட்டுவிட்டால் அத்தை கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இதெல்லாம் ஒரு படமா" என்று எழுந்துவிடுவாள். அவள் ரசனை அப்படி என்று எல்லாரும் மரியாதையாக வழிவிட்டார்கள். அவள் போகும்போது நான் கூடவே போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருட்டுக்கு அத்தை பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, சனிக்கிழமை மாலை ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் அக்காவும், காலுறையில் கண் வைத்துத் தைத்த பூனையும் மலாயில் பேசிக்கொள்வார்கள். பிறகு ஏதாவது ஒரு பள்ளிப் பிள்ளைகள் வந்து பாடுவார்கள், ஆடுவார்கள். அந்தப் பெட்டிக்குள் போகிற பிள்ளைகள் நம்மைப் போலச் சோறு தின்கிறவர்கள் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் தமிழ்ப்பள்ளியைக் கூப்பிட்டார்கள். டீச்சர் கோலாட்டத்துக்கு ஆள் பொறுக்கியபோது என்னையும் பொறுக்கினார்.

அத்தை எனக்காகப் பெடாஸ் கடையில் பச்சைப் பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு மாலையும் குளித்துவிட்டு வந்து, என்னை எதிரே நிறுத்தி, கோலைத் தட்டச் சொல்லிக் கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தாளம் தப்பினால் உடனே பிடித்துவிடுவாள். "கோல விடு, மூஞ்சி முக்கியம். சிரிச்சிக்கிட்டே ஆடணும். எங்க ஆளு அழுவுறப்பகூட மூஞ்சி கேமராவ விட்டுப் போவாது" என்பாள். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் தடவி, சிரிக்கிறேனா என்று பார்ப்பாள். கொஞ்சுகிறாள் என்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போனோம். அந்தப் பெட்டிக்குள் இருந்த உலகம் ஒரு பெரிய கொட்டகை, அவ்வளவுதான். விளக்குச் சூட்டில் முகமாவு வழிந்தது. அங்கே எங்களை வரிசைப்படுத்திய ஓர் அம்மாள் என் தோளைப் பிடித்து நகர்த்தி, அட்டையில் வெட்டி வைத்த தென்னை மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மற்றவர்கள் வெறுந்தரையில் நிற்க, எனக்கு மட்டும் மரம் கிடைத்ததே என்று எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அத்தை சொன்னபடி ஆட்டம் முடியும்வரை சிரித்தேன். வீட்டுக்கு வந்து மரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினேன்.

நிகழ்ச்சி வந்த சனிக்கிழமை மண்டோர் நேரத்தோடே பெட்டியைத் திறந்து வைத்தார். லயத்தில் ஒருவர் பாக்கியில்லை. அம்மா வேலைக்குப் போகவில்லை. அத்தை முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் மடியோடு ஒட்டிக்கொண்டேன். பூனை வந்தது, ஏதோ சொன்னது, எங்கள் பள்ளியின் பெயர் காதில் விழுந்தது, கோல் சத்தம் கேட்டது. மண்டபம் கத்தியது. அந்தா எம்புள்ள, அந்தா கடைக்காரர் மகள் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வீட்டார் எழுந்து நின்றார்கள். நானும் என் முகத்துக்காகக் காத்திருந்தேன். அட்டைத் தென்னை பெரிதாக, அழகாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் யாராவது இருந்தாலும் இருக்கலாம் என்கிற மாதிரி இருந்தது.

"ஒம்மூஞ்சி எங்கலா? மரத்துல ஏறிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புதான். நான் அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பச்சைப் பாவாடையைக்கூட யாரும் பார்க்கவில்லை என்று அழுதேன்.

"ஏன் அழுவுற? நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள் அத்தை. சத்தமாகவே சொன்னாள், மண்டபத்துக்கெல்லாம் கேட்கும்படி. "இவங்களுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு தெரியல. அந்தா, நடுவுல நிக்கிற. என்னா அழகா சிரிக்கிற பாரு. எல்லாரவிட நீதான் நல்லா ஆடுற." கையை நீட்டிப் பெட்டியைக் காட்டினாள்.

கோலாட்டப் பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. படம்தான் மாறிவிட்டது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது பெட்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை. துணிப்பூனை மட்டும் தனியாக உட்கார்ந்து, பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அத்தையின் விரல் அந்தப் பூனையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மண்டபம் அடங்கிவிட்டது. அம்மா எழுந்து வந்து, "வாங்க அண்ணி, போவோம்" என்று அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை உடனே எழுந்திருக்கவில்லை. மண்டோர் பெட்டிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்று, பெட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கேலிக்கு ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பெட்டியை அணைத்துக் கதவைச் சாத்தினார்.

எனக்கு அழுகை நின்றிருந்தது. அத்தை பார்த்திருக்கிறாள், அது போதும். நான் தலை தூக்குவதற்குள் என் படம் வந்து போயிருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்ததால் தவறவிட்டார்கள், அத்தை எப்போதும் அருகில் உட்கார்ந்து பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாததா? வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டு வந்தாள். மகள் படத்தில் வந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுவாரம் பெரட்டு முடிந்ததும் மண்டோர் அத்தையோடு கூடவே எங்கள் வாசல் வரைக்கும் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"முதுகுல மருந்த வச்சிக்கிட்டு நீங்க பள்ளத்துல கிள்ளத்துல விழுந்தா யாருக்கா பதில் சொல்றது? தெரியாத வரைக்கும் தெரியாது. அன்னிக்கி எல்லாரும் பாத்துட்டாங்க. நான் சொல்லலன்னாலும் துரைக்குப் போயிரும்."

"எனக்குத் தெரியும்லா தம்பி. நீ என்னா செய்வ" என்றாள் அத்தை. அவரை அவள் தம்பி என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி கிராணி ஆள் அனுப்பினார். சுங்கை காடுட் பக்கம், ஒரு கடைக்குப் பின்னால் அறை ஒன்று கிடைத்தது. அம்மாவின் வேலைக்குக் கிட்டே என்பதால் மாறுகிறோம் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் பல வருஷம் அப்படியே நம்பினேன். அந்த அறையில் அத்தை நீண்ட காலம் இருந்தாள். சாமான்கள் எடுத்த இடத்தில் இல்லாத, தெருச் சத்தம் ஓயாத, கையைப் பிடித்துக்கொள்ளச் சின்னம்மா இல்லாத அறை. சுவரோரம் உட்கார்ந்தே அவள் தேய்ந்துபோனாள். பிறகு வளர்ந்து, ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. கண் போனவளுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. மண்டபம் அடங்கியதை அவள் கேட்டிருப்பாள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால், மண்டோரும் கூடச் சிரித்து அதை விட்டிருப்பார். அப்படிச் சொன்னால் மடியில் இருந்த நான் மறுபடி அழுவேன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இதை நினைக்கிற நாட்களில் எனக்கு உயிரோடு இருப்பதே கூச்சமாக இருக்கிறது.

சாமான் ஏற்றிய லோரியில் நானும் அத்தையும் பின்னால் உட்கார்ந்து போனோம். எனக்கு லோரி சவாரி பிடிக்கும், சந்தோஷமாக இருந்தேன். லயத்து ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். படத்தில் வந்த பிள்ளை ஊரை விட்டுப் போகிறதே என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்கெல்லாம் கையாட்டினேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டேன்.

"நான் மறுபடியும் டிவியில வந்தா பாப்பியா அத்தே?"

"பாக்காம?" என்றாள்.

நான் நிம்மதியாக அவள் மடியில் படுத்துத் தூங்கிவிட்டேன்.