பக்கத்து வீட்டுத் தட்டமும் புளித்த தண்ணீரும்

கனடாவில் இருக்கும் மகள் போன மாதம் ஒரு நாள் வீடியோ கோல் எடுத்தாள். கொழும்புக் காலி வீதியின் பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியே எனக்குப் போதுமாக இருந்தது...

மருமகன் கணக்குப் பார்க்கிற எக்கவுண்டன். இந்த வருஷம் திடீரென்று ஆசை வந்து, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேப்பிள் மரங்களில் துளை போட்டு, வடிகிற நீரைக் காய்ச்சி இனிப்புப் பாணி எடுத்தார். நம்முடைய கித்துள் மரத்துப் பாணிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சுகிற தட்டம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் இரவல். கதவு அளவு நீளம். அவர் அடுத்த வருஷமும் தந்தால்தான் பாணி. இல்லாவிட்டால் மனுஷன் பழையபடி ரீவிக்கு முன்னால்தான்.

மரத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத உப்புகள் இருக்குமாம். காய்ச்சக் காய்ச்சத் தட்டத்தின் அடியில் கல்லாகப் படியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலை உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. படிவு தடித்தால் பாணி அடிப்பிடித்துக் கருகிவிடும்.

மருமகன் வேலைக்குப் போயிருந்தார். கராஜுக்குள் தட்டம் கிடந்தது – அடியில் கல், மேலே கலங்கல் தண்ணீர்.

"அம்மா, புளிச்சு நாறுது. இதை எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

"ஊத்திப்போட்டுத் தேயடி. இரவல் ஏனத்தை ஊத்தையோட குடுக்கிறதே? வெறுமையாவும் குடுக்காதை. வடை சுட்டு வை."

வளர்த்த பிள்ளை. சொன்னபடி செய்தாள். பழப்புளி போட்டாள், இரும்பு நாரால் தேய்த்தாள். நாற்றம் போனது. கல் அப்படியே இருந்தது. கூடவே நீள நீளமாகக் கீறல்.

பின்னேரம் மருமகன் வந்து பார்த்தார். அந்த நாற்றத் தண்ணீர்தான் மருந்தாம்! கடைசியாக வடிந்த நீரைத் தட்டத்தில் விட்டுப் புளிக்க வைத்தால், அந்தப் புளிப்பு கல்லைக் கழற்றிவிடும். பிறகு சும்மா தண்ணீர் அடித்தாலே போதும். வெள்ளைக்காரரே சொல்லிக் கொடுத்த வேலை. திரும்ப ஊற்றலாம் என்றால் மரங்களும் வடிவதை நிறுத்திவிட்டன.

"மாமி என்ன சொன்னவ?" என்று மட்டும் கேட்டாராம். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும்.

வடையை ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லப் பக்கத்து வீட்டுக்குப் போனார். திரும்பி வருமட்டும் மகள் ஜன்னலடியிலேயே நின்றாளாம். வெள்ளைக்காரர் வடையைக் கடித்தபடி வந்து கீறலை விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு வடையை எடுத்தார். சூடான வினாகிரி ஊற்றி ஒரு இரவு விடுங்கள், கை வைக்க வேண்டாம் என்றார்.

கல் கழன்றது. கீறல் இருக்கிறது.

சும்மா விட்டால் தானாகக் கழலக்கூடிய எத்தனை விஷயத்தை நாம் தேய்த்துத் தேய்த்தே கீறி வைத்திருக்கிறோம்? தட்டத்தை மட்டுமா?

போன ஞாயிறு மகள் திரும்ப எடுத்தாள். அடுத்த வருஷமும் தட்டம் தருவாராம். கழுவாமல் கொண்டு வந்தால் போதும், வடையை மட்டும் மறக்க வேண்டாம் என்றாராம்.

"நீங்கள்தானே அம்மா தேய்க்கச் சொன்னனீங்கள்?" என்று இழுத்தாள்.

"வடையும் நான்தான் சொன்னனான். அதை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?"