பழைய இதழ்கள் ரூமுக்குள்ள நான்

ப்ராஜெக்டுக்குக் கட்டுரை தேடி காலேஜ் லைப்ரரியில பழைய இதழ்கள் ரூமுக்குள்ள தரையில உக்காந்திருந்தேன். நாளைக்குக் காட்டலன்னா மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க.

சாரல் உள்ள அடிக்கும்னு லைப்ரரி அண்ணாச்சி, அலமாரிக்குப் பின்னாடி இருந்த என்னைப் பாக்காம, கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாரு.

போன் அடிச்சா அவர் வீட்டு அக்கா எடுக்காங்க.

"அவுக குத்தாலத்துல குளிக்காவ. நான் துணிக்குக் காவல் இருக்கேன்."

"அக்கா, நான் உள்ள மாட்டிக்கிட்டேன். சாவி?"

"இங்கன சட்டைப் பையிலதான் இருக்கு. இப்பத்தான் எண்ணெய் தேச்சிட்டு அருவிக்குள்ள போனாவ. தண்ணி வேற நல்லா விழுது. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

கட்டுரை கிடைச்சிருச்சு. குத்தாலத்துல இருக்கவுக யாராவது அண்ணாச்சியைத் தலை துவட்டி அனுப்பி வைங்கப்பா.

எதிர்ல போர்டு தொங்குது: "இதழ்களை வெளியே கொண்டுசெல்ல அனுமதி இல்லை."

என்னையும் அந்தக் கணக்குல சேத்துட்டாங்க.