கொழும்புக்குப் போன மிளகாய்

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து மிளகாய் அந்தக் காலத்தில் கொழும்பு வரைக்கும் போனது. சங்ககிரி ரயிலடியிலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலேறிக் கடல் தாண்டி. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கழுத்து நிமிர்ந்துவிடும். நிமிரட்டுமே, யாருக்கு என்ன?

நான் வாக்கப்பட்டு வந்த ஆறாம் வருஷம், கொழும்பு வியாபாரியிடமிருந்து மாமனாருக்குக் கடிதாசி வந்தது. மூட்டைக்குள் மிளகாய் பூசணம் பிடித்துக் கறுத்துப்போய் வருகிறதாம். இந்த வருஷமும் அப்படி வந்தால் எங்கள் ஊர்ச் சரக்கே வேண்டாமாம். ஊரில் பாதிப் பேருக்கு அந்த மிளகாயை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

மாமனார் கப்பல்காரனைத் திட்டினார். எனக்கோ காரணம் கண்ணெதிரே கிடந்தது. காய்ந்த மிளகாயைச் சாக்கில் போட்டு ஆள் இறங்கி மிதித்தால்தான் மூட்டை இறுகும், வண்டியில் நிறைய ஏறும். மிதித்தால் நொறுங்குமே என்று முதலில் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவார்கள். சந்தைக்குப் போகிற சரக்குக்கு அது சரி, மறுநாளே பிரித்துவிடுவார்கள். கப்பலில் நாள்கணக்கில் புழுங்குகிற மூட்டைக்கு ஆகுமா?

களத்தில் மூட்டை கட்டத் தொடங்கும்போது, தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொன்னேன்.

"தண்ணி தெளிக்காம மிதிச்சா தூளாத்தான் போகும். உனக்கென்ன தெரியும்" என்றார்.

"அப்ப மிதிக்க வேண்டாமுங்க மாமா."

களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். தெளிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக் களத்து ஓரத்தில் கவிழ்த்துவிட்டேன்.

"கொழும்புக்காரன் வேண்டாமின்னா ஊருக்கு நீயே பதில் சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு மாமனார் நகர்ந்துகொண்டார்.

சிரித்த ஆட்களும் நானுமாக, மிதிக்காமல் கையாலேயே அடுக்கிக் கட்டினோம். மூட்டைகள் தொளதொளவென்று நின்றன. ஒரு நடையில் போகிற சரக்குக்கு வண்டி இரண்டு நடை அடித்தது. சரக்கு போன பிறகு தினமும் தபால்காரர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூளாகப் போய்ச் சேர்ந்தால் ஊரே என்னைத்தானே காறித் துப்பும்?

கடிதாசி வரும் என்று பார்த்தால் வியாபாரியே நேரில் வந்து இறங்கினார். களத்தில் வைத்தே மாமனாரிடம் சொன்னார்:

"உங்கட மூட்டையைப் பிரிக்க, கடையில எல்லாருக்கும் தும்மல். ஒரு காய் கறுக்கேல்ல, நொறுங்கேல்ல, அவ்வளவு நல்ல சரக்கு. இனி ஊர்ச் சரக்கு முழுக்க எனக்கே வேணும். ஆர் இப்பிடிக் கட்டினது?"

மாமனார் தன்னையே சொல்லிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"எம்பட மருமவளுங்க" என்றார். "நாங்க அத்தனை பேரும் வேண்டாமின்னோம். அவ கேக்கலீங்க."

நான் வந்த நாளாக அவர் என்னைப் பற்றி வெளியாளிடம் வாய் திறந்தது அன்றுதான். பெருமையில் அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.