நூற்று அறுபத்து நான்கில் ஒன்று

1. ஏழு காஸ்டிங்

திருப்பி அனுப்பப்பட்ட, அலுமினியத்தை உருக்கி வார்த்த ஏழு காஸ்டிங்குகளும் என் மேஜைமேல் இருந்தன. எல்லாவற்றிலும் ஊசித்துளை. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது. இவை குறையைச் சரிசெய்யும் ரீவொர்க்குக்குப் போயிருக்க வேண்டியவை. எங்கள் டேட்டாபேஸிலோ ஏழும் ஓகே என்று பதிவாகி, கார் கம்பெனிவரை போய்விட்டு வந்திருந்தன.

ஒரகடத்தில் உள்ள உதிரிபாக ஆலை அது. வேறிடத்தில் ஓய்வு பெற்றபின் அங்கே புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புதிதாகத் தொடங்கிய மூன்றாவது லைனில் இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பீஸைப் பார்த்துப் பச்சைப் பட்டனை அமுக்கினால் ஓகே, சிவப்பை அமுக்கினால் ரீவொர்க். பதிவைப் பார்த்துத்தான் கன்வேயர் வழி பிரித்துவிடும்.

குவாலிட்டி சூப்பர்வைசர் ஏழுமலை அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னா சார், கம்ப்யூட்டரா பொய் சொல்லும்? செல்லைப் பாத்துகினே பச்சையை அமுக்கிக்கீது இந்தப் பொண்ணு."

"செல்லு லாக்கர்ல கெடக்கு சார். நான் செவப்பத்தான் அமுக்குனேன். மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன்."

முதலாவது லைனின் திரையில் சிவப்பை அமுக்கிப் பார்த்தோம். சரியாகவே பதிவானது. புகார் வந்ததும் மூன்றாவது லைனை நிறுத்திவிட்டார்கள்; எல்லா லைனுக்கும் ஒரே புரோகிராம்தானே என்று அங்கே யாரும் சோதிக்கவில்லை. அவளை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டர் திங்கட்கிழமை கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளை நிறுத்திவிடுவதாக முடிவாயிற்று.

2. மேக்ரோ

அதே வாரம் கார் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. உலையில் எந்தத் தடவை உருக்கியதிலிருந்து வந்த பீஸ் என்று காட்டும் ஹீட் நம்பர், டேட்டாபேஸின் எல்லா டேபிளிலும், அதாவது எல்லாப் பதிவுப் பட்டியலிலும், ஏற வேண்டும். எங்களிடம் நாற்பத்தொரு டேபிள். ஒவ்வொன்றுக்கும் சேர்க்க, எடுக்க, திருத்த, நீக்க என்று சி மொழியில் நான்கு ஃபங்ஷன், அதாவது சிறு புரோகிராம் துண்டுகள். ஆக நூற்று அறுபத்து நான்கு. நீக்குவதற்கு ஹீட் நம்பர் வேண்டாம். மீதி நூற்று இருபத்து மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் இருந்த கலைவாணி, "நூத்தி இருவத்து மூணு எதுக்கு சார்? ஒரு மேக்ரோ எழுதிடலாம்" என்றாள். டேபிளின் பெயரையும் அதன் கட்டங்களான ஃபீல்டுகளையும் ஒரே வரியில் கொடுத்துவிட்டால், புரோகிராம் இயந்திர மொழிக்குக் கம்பைல் ஆகும்போது நான்கு ஃபங்ஷனையும் மேக்ரோவே உண்டாக்கிக் கொடுக்கும்.

எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணால் பார்க்க முடியாத புரோகிராம் வரிகளில் பிழை வந்தால் எங்கே போய்த் தேடுவது?

"பிழை எங்க வரும்னு நீங்க மொதல்ல லிஸ்ட் போட்டுருங்க சார், நான் அதுக்குள்ள எழுதி முடிச்சிடறேன்" என்றாள்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். ஹீட் நம்பரைச் சேர்க்கும் முன்பு, இன்று இருப்பதை அப்படியே மேக்ரோவில் எழுத வேண்டும். பழைய ஃபங்ஷன் டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையையும் மேக்ரோ உண்டாக்கியது அனுப்பும் கட்டளையையும் பக்கம் பக்கமாக அச்சடித்து நான் ஒப்பிடுவேன். ஓர் எழுத்து மாறினாலும் மேக்ரோ வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஒப்பிட்டேன். நூற்று அறுபத்து மூன்று ஒத்துப்போயின. ஒன்று ஒத்துப்போகவில்லை.

"நான் சொல்லலை? உன் மேக்ரோ தப்பு."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "தப்பு என்னுதுல இல்ல சார். நம்ம பழசுல."

புரோகிராம் ஒன்றே என்றாலும் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி டேபிள்; அது மூன்றாவது லைனின் ரீவொர்க் டேபிளில் பதிவைச் சேர்க்கும் ஃபங்ஷன். பெயரில் ரீவொர்க் என்றுதான் இருந்தது. உள்ளே இருந்த கட்டளையோ பதிவை ஓகே டேபிளில் சேர்த்தது. புது டேபிள் வந்தால் பக்கத்து டேபிளின் ஃபைலைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றுவது எங்கள் வழக்கம். யாரோ எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு இந்த ஓரிடத்தை விட்டிருக்கிறார்கள். இரண்டு டேபிளிலும் ஒரே ஃபீல்டுகள் என்பதால் டேட்டாபேஸும் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

3. சிவப்புப் பட்டன்

மூன்றாவது லைனுக்கு ஏழுமலையையும் ஜெசிந்தாவையும் வரச் சொன்னோம். அவள் சிவப்பை அமுக்கினாள். 'பதிவாகிவிட்டது' என்றது திரை. கன்வேயர் அந்த பீஸை நேராக பேக்கிங்குக்குக் கொண்டுபோனது.

ஏழுமலை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னாமா இது... நீ சொன்னப்பவே இங்க வந்து பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான். காண்ட்ராக்டராண்ட நானே பேசிக்கிறேன்."

"அப்போ கம்ப்யூட்டரோட கேட் பாஸைப் புடுங்குவியளா சார்?" என்றாள் ஜெசிந்தா. ஏழுமலையே சிரித்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

திங்கட்கிழமை மேக்ரோவுடன் லைன் ஓடியது. ஹீட் நம்பரை ஒரே இடத்தில் சேர்த்தோம். நாற்பத்தொரு டேபிளிலும் ஏறிவிட்டது. துளையுள்ள முதல் பீஸ் வந்ததும் ஜெசிந்தா சிவப்பை அமுக்கினாள். அது பக்கத்துக் கன்வேயரில் திரும்பிப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு டேபிளின் பெயரை நான்கு இடத்தில் எழுதினால் ஏதோ ஓரிடத்தில் தவறும். அந்தத் தவறு எழுதியவனை விட்டுவிட்டுப் பட்டனை அமுக்குகிறவளைப் பிடிக்கும். ஓரிடத்தில் எழுதுங்கள். பழையதும் புதியதும் ஒத்துப்போகாவிட்டால், என்னைப்போல உடனே புதியதைச் சந்தேகிக்காதீர்கள்.

கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் ஜெசிந்தா கேட்பாள்: "சார், கம்ப்யூட்டர் ஒழுங்கா இருக்கா?"

"இன்னிக்குக் காலையில நூத்தி அறுவத்து நாலையும் சரி பாத்தேன். இருக்கு" என்பேன்.