இரண்டாவது ஆள்

வாழ்க்கையில் இரண்டு பேர் என்னை ஒரே நேரத்தில் கட்டிப்பிடித்தது ஒரே ஒரு தடவைதான். இருவருக்கும் மீசை இருந்தது. இடம், திருச்சுழி சாலையில் நான் கணக்கு எழுதும் குடிபோதை மறுவாழ்வு இல்லம். சந்தர்ப்பம், பணியாளர் பாதுகாப்புப் பயிற்சி முகாம்.

இல்லம் என்பது பெயர்ப்பலகைக்கு நான் தரும் மரியாதை. அது ஒரு பழைய பருத்தி ஜின்னிங் மில். தொழில் படுத்ததும் முதலாளி மெஷின்களை விற்றுவிட்டுக் கட்டில்களைப் போட்டார். மில் காலத்துச் சித்தாந்தம் ஒன்றை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டார்: மெஷினில் கை போனால் அது கையின் தப்பு.

குடியை நிறுத்திய முதல் சில நாட்கள் பொல்லாதவை. உடம்பு நடுங்கும், சுவரில் பூச்சி ஊரும், இல்லாத ஆள் வந்து நிற்பான். அவனுக்கு ஓங்கிய அடி பக்கத்தில் இருக்கிறவர்மேல் விழும். எங்கள் இல்லத்தில் பக்கத்தில் இருக்கிறவர் எப்போதும், வார்டைப் பார்த்துக்கொள்ளும் பாய்தான். பல வருஷம் துபாயில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய, ஒல்லியான, என் வயதுக்காரர். ஒரு தடவை அவருக்கு உதடு கிழிந்தது. இன்னொரு தடவை சாப்பாட்டுத் தட்டு புருவத்தைப் பதம் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முதலாளியிடம் கேட்டது ஒன்றையே.

“மொதலாளி, வார்டுக்குள்ள எங்கூட இன்னொரு ஆளப் போடுங்க. ஒத்தையில முடியல.”

“துபாய்ல லோடு தூக்குன ஒடம்புய்யா இது!” என்று முதலாளி அவர் தோளைத் தட்டுவார். பிறகு பீரோவிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்துப் போர்த்தி, போட்டோ பிடித்து, ‘சேவைச் செம்மல்’ என்று வாட்ஸப்பில் போடுவார். எங்கள் பீரோவில் பொன்னாடை தீர்ந்து நான் பார்த்ததில்லை. முதலுதவிப் பெட்டியில்தான் பஞ்சு இருக்காது. பஞ்சு மில்லில்.

இப்படி இருக்கையில், ஆய்வுக்கு வந்த யாரோ பணியாளர்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேட்டுவிட்டார்கள். இன்னொரு ஆளைப் போடுவதைவிடப் பயிற்சி மலிவு. அருப்புக்கோட்டையில் ஜிம் நடத்தும் முதலாளியின் மச்சினர் மாஸ்டராக வந்து இறங்கினார். நோயாளியாக நடிக்கக் கனமான ஆள் ஒருவர் வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் படித்த புத்தகங்கள் எதுவும் வாங்கித் தராத ஏகமனதான தேர்வு அது.

மாஸ்டரின் பிடி இதுதான். ஒருவர் பின்னாலிருந்து கைகளோடு சேர்த்து இறுக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் வந்து காலை வாரிவிட வேண்டும். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினால் முடிந்தது. பாய் பின்னால், சமையல்காரர் முன்னால், நான் சிமெண்டுத் தரையில். கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. சமையல்காரரின் முழங்கால் நெஞ்சுக்கூட்டை அமுக்க, உள்ளே இழுக்க நினைத்த காற்று வாயோடு நின்றது.

“மூச்சு முட்டுது, விடுங்கப்பா” என்றேன்.

“பாத்துக்கிருங்க” என்றார் மாஸ்டர். “இப்பிடித்தான் நடிப்பாய்ங்க. விட்றக் கூடாது.”

கைதட்டல் கேட்டது. பாய்தான் பிடியை விட்டுவிட்டு, “அண்ணனுக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு மாஸ்டர்” என்றார்.

“அவரு மூஞ்சியே அதான்யா” என்றார் முதலாளி. மறுபடியும் கைதட்டல்.

எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பாய் மாஸ்டரிடம் கேட்டார்: “ரெண்டு பேரு பிடிக்கிறதச் சொல்லிட்டீக. உள்ள நான் ஒத்த ஆளுதான இருக்கேன்?”

“தெம்பு வேணும் பாய். தெனம் முட்ட சாப்பிடுங்க.”

மாஸ்டருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு ஒரு துண்டு மைசூர்பாகு.

அதற்குப் பிறகு புது உத்தரவு வந்தது. எவனாவது எகிறினால் பேச்சு கீச்சு கூடாது, பயிற்சி கொடுத்தாகிவிட்டது, பிடித்துப் படுக்கப் போட வேண்டும். முதலாளி தன் அறையில் உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். வார்டுச் சுவரில் ஒரு போனையும் மாட்டினார்.

மல்லாங்கிணறு பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஒருநாள் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, யாரோ தன் லோடைத் திருடுவதாகக் கத்தினார். பாய் வழக்கம்போல வாசல் பக்கமாக நின்று, “லோடு பத்திரமா இருக்கு அண்ணாச்சி, டீ ஆறுது, வாங்க” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. முதலாளி போட்ட சத்தம், போன் இல்லாமலே என் மேஜைவரை கேட்டது.

“என்னய்யா வேடிக்க பாக்கீரு? பிடிய்யா!”

பாய் பின்னால் போய்ப் பிடித்தார். முன்னால் வந்து கால் வார யாரும் இல்லை. லோடு திருடன் தன்னையே பிடித்துவிட்டான் என்று நினைத்த டிரைவர் உடம்போடு ஒரு சுழற்றுச் சுழற்றினார். பாய் இரும்புக் கட்டிலில் போய் விழுந்தார். நான் ஓடினேன், என் உடம்பு அனுமதிக்கிற அளவு. போய்ப் பார்க்கும்போது பாயின் மணிக்கட்டு, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. டிரைவர் பாயின் காலைக் கட்டிக்கொண்டு, “என் கிளீனரத் தள்ளிவிட்டுட்டேனே” என்று அழுதுகொண்டிருந்தார்.

முதலாளி வந்தார். “பயிற்சி குடுத்தும் விழுகுறீருன்னா அது யாரு தப்பு?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பீரோவைத் திறக்கச் சொன்னார்.

திறந்தேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்தது. அதன்பின் குரல் தணிந்தது. “ஆசுபத்திரில, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரும் பாய். வேலையில அடின்னா போலீசு, கேசு, எல்லாருக்கும் கெட்ட பேரு. கணக்கு, நீரும் கூட வந்து அதையே சொல்லும்.”

கையைத் தொங்கவிட்டுக் கட்ட இல்லத்தில் ஒரு துணிக்கட்டு கூட இல்லை. அந்தப் பொன்னாடையையே மடித்துப் பாயின் கழுத்தோடு கட்டினேன். அருப்புக்கோட்டை வரைக்கும் கார் குலுங்கும்போதெல்லாம் சரிகை அவர் கழுத்தை அராவிக்கொண்டே வந்தது. முன்சீட்டில் முதலாளி, மடியில் ஆப்பிள் பையோடு.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

பாய் நிதானமாகச் சொன்னார்: “பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொன்னாக, டாக்டரம்மா.”

“யாரு சொல்லச் சொன்னா?”

“ஆப்பிள் வச்சிருக்காகள்ல, அவுக.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்க யார் என்றார். கணக்கு என்றேன். நீங்க சொல்லுங்க என்றார். முதலாளியின் முழங்கை என் விலாவில் இடித்தது. சிமெண்டுத் தரையில் சமையல்காரரின் முழங்கால் ஊன்றிய அதே விலா. ஒத்தை ஆளாகப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார், விழுந்தார் என்று சொன்னேன். டாக்டர், வேலையில் பட்ட அடி என்றே எழுதிக்கொண்டார். ஆப்பிளை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

வைத்தியச் செலவை முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றார். ஆள் கிடைக்காமல், மாவுக்கட்டோடே பாயைத் திரும்பக் கூப்பிட்டார். பாய் கேட்டது ஒருவழியாகக் கிடைத்தது: வார்டுக்குள் இனி இரண்டு ஆள். இரண்டாவது ஆள் நான்.

“ஒம்ம எடைக்குச் சும்மா நின்னாலே போதும்” என்றார் முதலாளி. அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

இப்போது கணக்கெல்லாம் வார்டு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்று புதிதாக வந்த ஒருவர் தலையணையைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். பாய் நல்ல கையில் டீ டம்ளரோடு நின்று, “பறக்கட்டும், பறக்கட்டும், பழைய மில்லுதான” என்று பேசிக்கொண்டிருந்தார். சுவரில் போன் அடித்தது.

“அண்ணே, மொதலாளி. எடுக்கலயா?”

“எனக்கு மூச்சு முட்டுது பாய்” என்றேன், ஸ்டூலை விட்டு எழாமல்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. புது ஆள் டம்ளருக்குக் கை நீட்டினார்.