எரிந்த மாளிகையின் ஒரு கிண்ணம்

1986 செப்ரெம்பரில் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு லண்டனின் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் மூன்று பேர் நின்றோம்: நான், என் மனைவி வசந்தி, நான் வேலை செய்யும் சீனச் சாப்பாட்டுக் கடையின் சமையற்காரர் லியூ. திங்கட்கிழமை கடை பூட்டு. வியாழக்கிழமை லியூ பீக்கிங்குக்கே திரும்புகிறார். போகுமுன் அவருக்கு ஓர் ஆசை இருந்தது.

போய்வர ஆளுக்கு இரண்டு பவுண். ரயிலில் பன்னிரண்டு மைல் தூரமும் லியூ கதை சொன்னார். அவருடைய ஆங்கிலமும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. ஆனாலும் சமையலறையில் பழகிய பழக்கத்தில் எல்லாம் விளங்கியது. அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஐந்து அரசர்கள் நூற்றைம்பது வருடமாக வளர்த்த மாளிகை ஒன்று இருந்ததாம். ஏரி, தோட்டம், மண்டபம் என்று அதுவே ஒரு நகரம். 1860இல் இங்கிலாந்துப் படையும் பிரெஞ்சுப் படையும் புகுந்து அள்ளின. பிறகு இங்கிலாந்துப் படை தீ வைத்தது.

"மிச்சத்தை நாங்களே முடிச்சம்," என்று சிரித்தார் லியூ. செதுக்கிய கற்களை ஊரார் வண்டியில் ஏற்றிவந்து பன்றிக்கூடு கட்டினார்களாம். அவர் வீட்டு வாசற்படியும் அரண்மனைக் கல்தான்.

"பிறந்ததிலயிருந்து உடைஞ்சதைத்தான் பார்த்திருக்கிறன். இஞ்ச அள்ளிவந்ததில முழுசா ஒண்டை ஒருதரம் பார்க்க வேணும்."

பத்தேகாலுக்கு சவுத் கென்சிங்டனில் இறங்கி அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். சீனக் கூடத்தில் பொருட்களின் கீழிருந்த குறிப்புகளை ஒன்றரை மணி நேரம் அட்டை அட்டையாக வாசித்தோம். அந்த மாளிகையின் பெயர் எதிலும் இல்லை. லியூவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி ஒருவர், வயதான வெள்ளைக்காரர், ஒரு சோடிச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். யாருடையது என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் வசந்தி பெரிய புத்தர் சிலைக்கு முன்னால் வெறுங்காலோடு கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்! எனக்கு மானம் போனது.

"சாமிக்கு முன்னால சப்பாத்தோட நிக்க ஏலுமோ?" என்று என்னைத்தான் அதட்டினாள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள், அதட்டல் போகவில்லை. சப்பாத்தை மாட்டியபடியே, நல்ல ஆங்கிலத்தில், நாங்கள் தேடிவந்ததையும் அந்த மனிதரிடம் சொல்லிவிட்டாள். அவர் சற்று யோசித்து, "வாருங்கள்" என்று படிக்கட்டு மூலைக்குக் கூட்டிப்போனார்.

சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பீங்கான் கிண்ணம். பிள்ளைக்குச் சோறூட்டும் அளவுதான். அட்டையில் மாளிகையின் பெயர் இருந்தது. கீழே, ஒரு படை அதிகாரியின் குடும்பத்தாரின் அன்பளிப்பு என்றும் இருந்தது.

லியூ குனிந்து பார்த்தார். குந்தியிருந்து பார்த்தார். நாலு பக்கமும் சுற்றிவந்தார்.

"ஒரு கீறல்கூட இல்லை," என்றார். கண் நிறைந்திருந்தது.

ஒரு மணிக்கு வெளிப்படியில் உட்கார்ந்து, வசந்தி கிழங்கு வைத்துப் பொரித்துக்கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம். லியூ நான்கு தின்றார். இத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

"களவெடுத்ததுக்குப் பேர் அன்பளிப்போ? கள்ளப் பயல்!" என்று அந்த அதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"பேசாம இருங்கோ," என்றாள் வசந்தி. ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மறுநாள், சாம்பலைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள்.

"எங்கட நூலகத்தை எரிச்சவங்களில ஒருத்தனாவது ஒரு புத்தகத்தைக் களவெடுத்திருந்தால், நானும் எங்கையாவது போய் இப்பிடிக் குனிஞ்சு பார்த்திருப்பன்."